அடுத்த ஆட்டம் எப்போ?

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. சிட்னியின் பாரமட்டா நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியபோதே நடைமேடை முழுக்கச் சிவப்பாக இருந்தது. பசிபிக் தீவு நாடான டோங்காவின் கொடியைத் தோளில் போர்த்தியவர்கள், கன்னத்தில் வரைந்துகொண்டவர்கள், குழந்தையின் தள்ளுவண்டியையே கொடியால் சுற்றிக் கொண்டுவந்தவர்கள். பசிபிக் சாம்பியன்ஷிப் ரக்பி லீக் இறுதியாட்டம், ஆஸ்திரேலியாவும் டோங்காவும் மோதுகின்றன. ஆட்டம் நடப்பது ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய நகரத்தில், ஆனால் பச்சையும் மஞ்சளும் போட்ட ஆஸ்திரேலிய ரசிகரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எனக்கு இடதுபக்க இருக்கையில் ஒரு பாட்டி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் தாஓவாலா கட்டியிருந்தார், அது பாய் போலப் பின்னிய ஒன்று, டோங்கா மக்கள் மரியாதைக்குரிய இடங்களுக்குப் போகும்போது கட்டிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கட்டிக்கொண்டு போனதோடு அப்படியே மைதானத்துக்கு வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஆட்டம் தொடங்குமுன் எங்கோ மேல்வரிசையில் நாலைந்து பேர் ஒரு பாட்டைப் பிடித்தார்கள், அது பக்திப் பாட்டு, இரண்டே வரியில் அரங்கத்தின் முழுப் பக்கமும் அதை எடுத்துக்கொண்டது, பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கீழ்க்குரலில் சேர்ந்து பாடினார். டோங்கா வீரர்கள் ஆட்டத்துக்கு முன் ஆடும் போர் நடனமான சிபி டாவை ஆடி முடித்தபோது அவர் கையிலிருந்த கொடி நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆஸ்திரேலியா 20, டோங்கா 14. பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைக்கும் ஒரு ட்ரை, அதோடு ஒரு உதை, அவ்வளவுதான் வித்தியாசம். 28,728 பேர் வந்திருந்தார்கள், மைதானம் நிறைந்துவிட்டது. விசில் ஊதிய பிறகும் யாரும் கிளம்பவில்லை, தோற்ற அணிக்கு எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தப் பாட்டி கொடியை மெதுவாக மடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "அடுத்த ஆட்டம் எப்போ மகனே?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்தவரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு நேர் எதிரே பெரிய திரை இருந்தது, அதில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருடமும் இந்தப் போட்டி உண்டு என்று மட்டும் சொல்லிவைத்தேன். எந்தத் தேதி, எந்த ஊர், யாரோடு, எதுவும் என்னால் சொல்ல முடியவில்லை. பாட்டி தலையாட்டிவிட்டுப் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

சர்வதேச ரக்பி லீக் ஆட்டங்களுக்குக் கூட்டம் சேர்ப்பது எப்படி என்று வருடக்கணக்காக எல்லோரும் பேசுகிறார்கள். புதிய நாடுகளுக்குக் கொண்டுபோக வேண்டும், விதியை மாற்ற வேண்டும், வாணவேடிக்கை விட வேண்டும், பாடகரைக் கூட்டிவர வேண்டும் என்று எத்தனையோ யோசனைகள். எனக்கு என்னவோ அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று தோன்றுகிறது. கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. எப்போ வரணும், எங்கே வரணும் என்று அவர்களிடம் நேரத்தோடு சொல்லி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதுதான் நடப்பதில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ரக்பி என்றதும் பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன்தான் பலருக்கு நினைவு வரும். லீக் வேறு. 1895 ஆகஸ்டில் வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடிய கிளப்புகள் பிரிந்து போய் உண்டாக்கியது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும், அதை ஈடுகட்டக் காசு கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. பதின்மூன்று பேர், ஆறு டாக்கிளுக்குப் பிறகு, அதாவது ஆறு முறை மடக்கிப் பிடிக்கப்பட்ட பிறகு, பந்தை விட்டுக்கொடுக்க வேண்டும், வேகமான ஆட்டம். இங்கிலாந்தின் வடக்கு, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை, நியூசிலாந்து, பப்புவா நியூ கினி, தெற்கு பிரான்ஸ், பசிபிக் தீவுகள், இவைதான் இதன் ஊர்கள். பப்புவா நியூ கினியில் இதுதான் தேசிய விளையாட்டு என்றே சொல்லலாம்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். இந்த விளையாட்டின் சர்வதேச ஆட்டங்களுக்கு ஆள் வராது என்று சொல்பவர்களுக்கு வரலாறு தெரியாது. 1932-இல் கிரேட் பிரிட்டன் அணி கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் நடந்த டெஸ்டுக்கு (நாடுகள் மோதும் ஆட்டத்தை இங்கேயும் டெஸ்ட் என்றுதான் சொல்வார்கள்) 70,204 பேர் வந்தார்கள். 1992 உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு லண்டன் வெம்பிளியில் 73,631 பேர். ஆஸ்திரேலியா 10-6 என்று ஜெயித்த அந்த ஆட்டத்தின் சாதனை இருபத்தோரு வருடம் நின்றது, 2013-இல் மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆடியபோது 74,468 பேர் வந்து அதை முறியடித்தார்கள். அந்தக் கடைசி எண்ணில் ஒரு விஷயம் பாருங்கள், இங்கிலாந்து அரையிறுதியில் கடைசி நொடிகளில் தோற்று வெளியே போயிருந்தது. சொந்த நாடு இல்லாத இறுதியாட்டத்துக்கும் அத்தனை பேர் வந்தார்கள் என்றால், ஒரு நல்ல ஆட்டம் பார்க்கக் கிளம்பிவரும் மக்கள் அங்கே இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆனால் அதே இங்கிலாந்தில், 2023 அக்டோபரில் டோங்கா மூன்று டெஸ்ட் ஆட வந்தபோது இரண்டாவது டெஸ்ட் ஹடர்ஸ்ஃபீல்டில் நடந்தது. இந்த விளையாட்டு பிறந்த ஊர். 24,000 பேர் உட்காரும் அரங்கம், வந்தவர்கள் சுமார் 11,000. தொலைக்காட்சியில் பார்த்தபோது கேமரா பக்கம் மாறும் ஒவ்வொரு தடவையும் காலி இருக்கைகள் தெரிந்தன, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டோங்காவின் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த அணியை நியூசிலாந்திலோ சிட்னியிலோ இறக்கியிருந்தால் டிக்கெட் கிடைத்திருக்காது.

இதற்கு இன்னும் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போய் 2022-இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையின் கால் இறுதியில் டோங்காவும் சமோவாவும் மோதின. ஒரு தீவுக்கும் பக்கத்துத் தீவுக்கும் காலகாலமாக உள்ள போட்டி, சமோவா 20-18 என்று ஜெயித்தது, நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய ஆட்டம். அது நடந்தது வாரிங்டனில், கூட்டம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். மூன்று வருடம் கழித்து, 2025 அக்டோபரில் அதே இரண்டு நாடுகள் பிரிஸ்பேனின் சன்கார்ப் அரங்கத்தில் ஆடின. 44,000-க்கு மேல். அதற்கு அடுத்த வாரம் நியூசிலாந்தும் டோங்காவும் ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில், கிட்டத்தட்ட 38,000.

அணிகள் அதேதான், கொடியும் பாட்டும் அதேதான். மாறியது இடம். டோங்கா நாட்டின் மொத்த மக்கள்தொகை ஒரு லட்சம் அளவுதான், அதைவிட அதிகமான டோங்கா வம்சாவளியினர் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வாழ்கிறார்கள். சமோவாவுக்கும் இதே கதைதான். தெற்கு ஆக்லாந்திலும் மேற்கு சிட்னியிலும் பிரிஸ்பேனைச் சுற்றியும் இருக்கும் அந்தக் குடும்பங்களுக்கு ஆட்டநாள் என்பது திருவிழா. ஒரு டிக்கெட் வாங்கும் பழக்கமே அவர்களுக்குக் கிடையாது, வாங்கினால் பன்னிரண்டு டிக்கெட். பாட்டி, பெரியம்மா, சித்தப்பா, கைக்குழந்தை எல்லோரும். புலம்பெயர்ந்த குடும்பத்திலிருந்து வந்த யாருக்கும் இது புரியும், நம்முடைய மொழியைச் சத்தமாகப் பேசவும் நம்முடைய கொடியைப் பெருமையாகப் பிடிக்கவும் ஒரு இடம் கிடைத்தால் நாம் வீட்டில் இருப்போமா?

இந்தக் கூட்டம் இவ்வளவு பெரிதாக வெளியே தெரிந்தது 2017 உலகக் கோப்பையில்தான். நியூசிலாந்துக்காக ஆடிக்கொண்டிருந்த ஜேசன் டவுமலோலோவும் ஆஸ்திரேலிய அணியில் இடம்பிடித்திருந்த ஆண்ட்ரூ ஃபிஃபிடாவும் பெரிய நாடுகளின் சட்டையை விட்டுவிட்டு டோங்காவுக்காக ஆடப் போகிறோம் என்றார்கள். பெரிய அணிகள் தரும் பணத்தையும் சேர்த்துத்தான் விட்டார்கள். அந்த ஒரு முடிவு எல்லாவற்றையும் மாற்றியது. டோங்கா ஹாமில்டனில் நியூசிலாந்தை 28-22 என்று தோற்கடித்தது, ஆக்லாந்தில் நடந்த அரையிறுதியில் இங்கிலாந்திடம் 20-18 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. அந்த அரையிறுதிக்கு 30,003 பேர். 2019-இல் ஈடன் பார்க்கில் ஆஸ்திரேலியாவையே 16-12 என்று வீழ்த்தினார்கள்.

இதில் விளம்பரத்தின் பங்கு மிகக் குறைவு. யார் யாருக்காக ஆடலாம் என்ற தகுதி விதி கொஞ்சம் தளர்ந்தது, பெரிய நாட்டுக்கு ஆடியவர் தன் பூர்வீகத் தீவுக்கும் திரும்பி ஆடலாம் என்று ஆனது, வீரர்கள் மனதிலிருந்து ஒரு முடிவு எடுத்தார்கள், அதனால் ஆட்டங்களின் முடிவு முன்கூட்டியே தெரியாத நிலை வந்தது. கூட்டம் தானாக வந்தது. ஆகவே கூட்டம் சேர்க்க நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, ஜெயிப்பது யார் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரிகிற ஆட்டங்களை எப்படிக் குறைப்பது என்பதைத்தான். 2022-இல் இங்கிலாந்து கிரீஸை 94-4 என்றும் ஆஸ்திரேலியா ஸ்காட்லாந்தை 84-0 என்றும் அடித்தன. கிரீஸ் உலகக் கோப்பைக்கு வந்ததே பெரிய கதை, நான் அதை மதிக்கிறேன், அந்த வீரர்கள் எவ்வளவு பாடுபட்டு வந்தார்கள் என்பதும் தெரியும். ஆனால் அந்த நாடுகளுக்குத் தேவை தங்களுக்குச் சமமான அணிகளோடு வருடாவருடம் ஆட்டம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை வந்து தொண்ணூறு புள்ளி வாங்கிக்கொண்டு போவதால் அவர்களுக்கும் வளர்ச்சி இல்லை, பார்க்க வந்த குடும்பமும் இரண்டாம் பாதியிலேயே கிளம்பிவிடும்.

இனி தேதி விஷயம். இதுதான் என்னை ரொம்பவும் வாட்டுவது.

ஆஸ்திரேலியாவில் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்று ஒன்று உண்டு. குயின்ஸ்லாந்து மாநிலமும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் வருடத்துக்கு மூன்று ஆட்டம். பிறந்து வளர்ந்து ஆட ஆரம்பித்த மாநிலத்துக்கே ஆட வேண்டும் என்ற முறையில் 1980-இல் தொடங்கியது. நாற்பது வருடத்துக்கும் மேலாக அதே இரண்டு அணிகள், ஒருவருக்கும் சலிக்கவில்லை. 2015-இல் மெல்பர்னில் 91,513 பேர் வந்தார்கள், மெல்பர்ன் ரக்பி லீக் ஊரே கிடையாது! ஏன் வருகிறார்கள்? ஆட்டம் நன்றாக இருக்கும், அது ஒரு காரணம். இன்னொன்று, அது ஒவ்வொரு வருடமும் வரும். வருடத்தின் நடுவில் மூன்று நாள் அதற்கென்று எழுதிவைத்தது மாதிரி. மக்கள் விடுப்பு போட்டு, விமான டிக்கெட் எடுத்து, போன வருடம் தோற்றதற்கு இந்த வருடம் பார்த்துக்கொள்கிறேன் என்று அலுவலகத்தில் பந்தயம் கட்டி, பல மாதம் அதை மனதில் வளர்த்துக்கொண்டு வருகிறார்கள். பகை வளர வேண்டுமென்றால் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும்.

நாடுகளுக்கிடையே நடந்தது என்ன? 2019 நவம்பரில் டோங்காவிடம் தோற்ற ஆஸ்திரேலியா அடுத்த டெஸ்ட் ஆடியது 2022 அக்டோபரில். கிட்டத்தட்ட மூன்று வருடம். கொரோனா ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதுமட்டும் இல்லை. உலகச் சாம்பியனை அதன் தோல்விக்குப் பழிவாங்கக்கூட விடாமல் மூன்று வருடம் வீட்டில் உட்காரவைத்தால் ரசிகன் எதை நினைத்துக் காத்திருப்பான்? ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்துப் பக்கமும் மோதும் ஆஷஸ் தொடர் 1908-இல் ஆரம்பித்தது, கிரிக்கெட்டுக்கு மட்டும் சொந்தமான பெயர் இல்லை அது. 2003-க்குப் பிறகு அடுத்த ஆஷஸ் 2025-இல். இருபத்திரண்டு வருடம்! ஒரு தலைமுறையே ஒரு ஆஷஸ்கூடப் பார்க்காமல் வளர்ந்து, ஆடி, ஓய்வும் பெற்றுவிட்டது.

அந்த 2025 தொடரில் என்ன ஆனது என்று பாருங்கள். பல மாதம் முன்பே தேதியும் இடமும் சொன்னார்கள். வெம்பிளியில் 60,000-க்கு மேல். லிவர்பூலில் எவர்ட்டன் அணி புதிதாகக் கட்டிய அரங்கத்தில் 52,000-க்கு மேல். மூன்றாவது லீட்ஸின் ஹெடிங்லியில், அது சின்ன மைதானம், அதுவும் நிறைந்தது. இங்கிலாந்து மூன்றிலும் தோற்றது, ஒன்றில்கூட உருப்படியாகப் புள்ளி எடுக்கவில்லை, அது தனி வருத்தம். ஆனால் தொடர் கைவிட்டுப்போன பிறகும் லீட்ஸ் நிறைந்ததே, அதை யாராவது யோசித்தார்களா? தேதி தெரிந்திருந்தது, டிக்கெட் கையில் இருந்தது, குடும்பமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். மூன்று ஆட்டங்களுக்குச் சேர்ந்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல். இந்தக் கூட்டத்துக்கு மறுபடி இருபத்திரண்டு வருடம் காத்திருங்கள் என்று சொன்னால் அது பாவம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றாததற்கும் உதாரணம் இருக்கிறது. 2018 ஜூனில் அமெரிக்காவின் டென்வரில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஒரு டெஸ்ட் ஆடின. 19,320 பேர். விளையாட்டின் பெயர்கூடத் தெரியாத ஊரில் முதல் தடவைக்கு அது மோசமே இல்லை. அடுத்த வருடங்களிலும் வருவோம் என்றார்கள், 2025 உலகக் கோப்பையே வட அமெரிக்காவில் என்றார்கள். டெஸ்டும் வரவில்லை, உலகக் கோப்பையும் வரவில்லை. அந்த உலகக் கோப்பை பிரான்ஸுக்குப் போனது, அரசாங்கம் பண உத்தரவாதம் தராததால் 2023-இல் பிரான்ஸும் கைவிரித்தது. டென்வரில் அன்றைக்கு வந்த பத்தொன்பதாயிரம் பேரில் நூற்றில் பத்துப் பேர் மறுபடி வந்திருந்தால்கூட ஒரு விதை கிடைத்திருக்கும். மாறாக 2024-இலிருந்து ஆஸ்திரேலியாவின் கிளப் போட்டி லாஸ் வேகஸில் தொடங்குகிறது, ஐந்து வருடம் வருவோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள், ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய அதே வார இறுதி. முதல் வருடமே 40,000-ஐத் தாண்டியது. அதில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து சுற்றுலாவாகப் பறந்து வந்தவர்கள்தான் என்று சிலர் மட்டம் தட்டுகிறார்கள். வந்தால் என்ன? பல மாதம் முன்பே நம்பிப் பணம் கட்டினார்களே, அந்த நம்பிக்கையைத்தான் நான் சொல்கிறேன்.

அப்புறம் அரங்கத்தின் அளவு. இதைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை, ஆனால் ஒரு ஆட்டத்தை மறக்க முடியவில்லை. 2022 அரையிறுதி, லண்டன் எமிரேட்ஸ் அரங்கம், இங்கிலாந்தும் சமோவாவும். கூடுதல் நேரத்தில் ஸ்டீவன் கிரைட்டன் பந்தைத் தரையில் விட்டு உதைத்து டிராப் கோல் அடித்துச் சமோவா 27-26 என்று ஜெயித்தது. நான் வாழ்நாளில் பார்த்த மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று. 40,489 பேர். அறுபதாயிரம் பேருக்கான இடத்தில் இருபதாயிரம் இருக்கை காலி. அந்த விளையாட்டை நேசிக்கும் மக்கள் வடக்கில் இருக்கிறார்கள், லண்டன் வந்து போக ரயில் செலவு, டிக்கெட் விலையும் அதிகம் என்று அந்தப் போட்டி முழுக்கவே முணுமுணுப்பு இருந்தது. இரண்டு பிள்ளைகளோடு வரும் ஒரு நர்ஸோ லாரி ஓட்டுநரோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு டிவியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா? கூலிப் பிரச்சினையில் பிறந்த விளையாட்டு இது. கூலிக்கு வேலை செய்பவன் குடும்பத்தோடு உள்ளே வர முடியாத விலை வைத்தால் அதற்குப் பிறகு எந்த யோசனையும் பலிக்காது.

அதே உலகக் கோப்பையில் சக்கர நாற்காலி ரக்பி லீக் இறுதியாட்டமும் இருந்தது. மான்செஸ்டரில் ஒரு உள்ளரங்கம், 4,526 பேர். இங்கிலாந்து 28-24 என்று பிரான்ஸை வென்றது. எண்ணைப் பார்த்தால் சின்னது, ஆனால் தொலைக்காட்சியில் கேட்ட சத்தம் ஓல்ட் டிராஃபோர்டில்கூடக் கேட்கவில்லை. சக்கர நாற்காலிகள் மோதும் ஓசை, அதற்கு மேலே கூரையில் பட்டுத் திரும்பும் கூச்சல். அன்றைக்குத் தற்செயலாகச் சேனல் மாற்றிப் பார்த்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள், என் வீட்டிலும் அதுதான் நடந்தது, விளையாட்டே பார்க்காத என் மனைவி கடைசிப் பத்து நிமிடம் நின்றுகொண்டே பார்த்தாள். நிறைந்த சின்ன அரங்கம் அடுத்த ஆட்டத்துக்கு ஆளைக் கொண்டுவரும். பாதி காலியான பெரிய அரங்கம் வந்தவனையும் விரட்டும். இருபதாயிரம் பேர் வருவார்கள் என்றால் பதினைந்தாயிரம் இருக்கையில் நடத்துங்கள், டிக்கெட் கிடைக்காத ஐயாயிரம் பேர் ஏங்கட்டும், அடுத்த முறை முதல் நாளே வாங்குவார்கள்.

பெண்கள் ஆட்டத்தையும் ஆண்கள் ஆட்டத்தையும் ஒரே நாளில் வைப்பது நல்ல பழக்கம். பாரமட்டாவில் அன்று மூன்று ஆட்டம் இருந்தது. ஆனால் முதல் ஆட்டம் தொடங்கும்போது கூட்டம் இன்னும் வெளியேதான் இருக்கும், அதனால் முதல் ஆட்டத்தில் விளையாடுபவர்கள் காலி இருக்கைக்கு ஆடுகிறார்கள். நேரத்தை நெருக்கமாக வையுங்கள், இடைவெளியில் நடனக் குழுவுக்கும் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் மைதானத்தைக் கொடுங்கள், அவர்கள் குடும்பத்தில் ஆளுக்கு இருபது பேர் சீக்கிரமே வந்துவிடுவார்கள்.

பிரான்ஸ் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முதல் உலகக் கோப்பை, 1954-இல், பிரான்ஸில்தான் நடந்தது. பாரிஸில் நடந்த இறுதியாட்டத்துக்கு முப்பதாயிரம் பேர் வந்தார்கள், பிரான்ஸ் 16-12 என்று மிகக் குறைந்த வித்தியாசத்தில் கிரேட் பிரிட்டனிடம் தோற்றது. அதற்குச் சில வருடம் முன்புதான், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசு இந்த விளையாட்டையே தடை செய்து சொத்துகளைப் பறித்திருந்தது. அதிலிருந்து எழுந்து வந்த நாடு. இன்றைக்கும் பெர்பினியோனிலும் துலூஸிலும் ரசிகர்கள் இருக்கிறார்கள். 2019-இல் பெர்பினியோனின் கேட்டலன்ஸ் அணி இங்கிலாந்தின் விகன் அணியோடு பார்சிலோனாவின் கேம்ப் நூவில் ஆடியபோது 31,555 பேர் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு உலகக் கோப்பையை வாக்களித்துவிட்டு அது இல்லாமல் போனது. அதற்கு ஈடாக இங்கிலாந்து ஒவ்வொரு வருடமும் ஒருமுறை பெர்பினியோனுக்குப் போய் ஆட வேண்டும், பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தாலும் சரி. ஒரே ஊர், ஒரே மாதம், பத்து வருடம். அந்த ஊர்ப் பையன்களுக்கு அது பொங்கல், தீபாவளி மாதிரி நாள்காட்டியில் ஏற வேண்டும்.

பப்புவா நியூ கினிக்கோ கூட்டம் சேர்க்கும் பிரச்சினையே இல்லை. போர்ட் மோர்ஸ்பியில் இருக்கும் மைதானம் சின்னது, பதினைந்தாயிரத்துக்குள். 2017-இல் அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டங்களுக்கு மைதானம் நிறைந்தது. 2028-இலிருந்து அவர்களுடைய அணி ஆஸ்திரேலிய கிளப் போட்டியிலேயே ஆடப்போகிறது. அங்கே வேண்டியது இன்னும் அதிக ஆட்டமும் இன்னும் பெரிய மைதானமும். பெரிய அணிகள் அங்கே போவதைக் கஷ்டமாக நினைக்காமல் இருந்தால் போதும்.

பெரிய அணிகளின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கிளப்புகள்தான் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கின்றன. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை ஆடிக் களைத்த வீரனை நவம்பரில் நாட்டுக்காக அனுப்பி, அவன் முழங்காலை உடைத்துக்கொண்டு வந்தால் இழப்பு கிளப்புக்கு. டென்வர் ஆட்டத்துக்குக் கிளப்புகள் அவ்வளவு எதிர்ப்புக் காட்டியதும் அதனால்தான். இதற்கு வழி, கிளப் சீசனை இரண்டு மூன்று வாரம் குறைத்து அந்த வாரங்களை நாடுகளுக்குக் கொடுப்பது, சர்வதேச ஆட்டத்தின் வருமானத்தில் கிளப்புகளுக்கும் ஒரு பங்கு வைப்பது. தொலைக்காட்சிக்காரர்கள் கிளப் ஆட்டங்களுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்பார்கள். 44,000 பேர் சமோவாவுக்கும் டோங்காவுக்கும் எழுந்து நின்று பாடும் காட்சிக்குக் காசு கொடுக்காத தொலைக்காட்சி இருந்தால், விற்கப் போனவர் சரியாக விற்கவில்லை என்றுதான் சொல்வேன்.

2026 அக்டோபர், நவம்பரில் உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவுக்கு வருகிறது. ஆண்கள் பிரிவில் போன தடவை பதினாறு அணிகள், இந்த முறை பத்துதான். நெருக்கமான ஆட்டங்கள் அதிகம் இருக்கும், கூட்டம் வரும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பசிபிக் குடும்பங்கள் வாழும் நகரங்களிலேயே நடக்கிறது. என் கவலையெல்லாம் அதற்கு அடுத்த திங்கட்கிழமையைப் பற்றி. நான்கு வாரம் கொடியும் பாட்டுமாக இருந்துவிட்டு, பிறகு எல்லோரும் கிளப் செய்திகளுக்குத் திரும்பி, அடுத்த டெஸ்ட் எப்போது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடுமோ என்று.

பாரமட்டாவில் அந்தப் பாட்டி கொடியை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் எதிரே இருந்த திரையில் வெறும் விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2026 இறுதியாட்டம் முடிந்து விசில் ஊதும்போது, கோப்பையை யார் தூக்கினாலும் சரி, ஒருவரும் இருக்கையை விட்டு எழுவதற்கு முன்பு அந்த மாதிரித் திரையில் 2027-இன் ஒரு தேதி வர வேண்டும், இரண்டு நாடுகளின் பெயர், ஒரு ஊர், டிக்கெட் இன்றிரவே திறக்கிறது என்று ஒரு வரி. பக்கத்தில் யாராவது ஒரு பாட்டி கேட்டால் நான் கையை நீட்டிக் காட்டிவிடுவேன்.